விரலிலிருந்து பின்னிய சாக்ஸ்

1962ஆம் வருஷம் டிசம்பர் கடைசியில் தோல் கம்பெனி முதலாளி நயினார் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார். அந்த வாரம் தாராவியில் வெங்காயம் விலை ஏறிக் கிடந்ததால் முதல் நாள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாட்டுங்கா லேபர் கேம்பில் இருந்த தன் வீட்டிலிருந்து அவர் முதுகை முன்னே விட்டு இறங்கினார். முகம் வீட்டைப் பார்த்தபடி இருக்க, தெருமுனை வரை போனார். டீக்கடைப் பெஞ்சில் இடிக்காமல் வளைந்து திரும்பினார். முதலாளி ஏதோ நேர்த்திக்கடன் செலுத்துகிறார் என்று டீக்கடைக்காரர் நினைத்துக்கொண்டார். குழாயடியில் நின்றிருந்த பிச்சம்மாள் மட்டும் அவர் காலைப் பார்த்தாள். செருப்புக்குள் சாம்பல் நிறக் கம்பளி சாக்ஸ் போட்டிருந்தார். விரல் நுனியில் கறுப்பாக ஒரு கயிற்று வளையம் தெரிந்தது. அவள் குடம் நிறையும் வரை நின்று, இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பிச்சம்மாளின் புருஷன் சுடலை அந்தக் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவன். மயிர் கழல்வதற்காகப் பச்சைத் தோல்களைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போடும் குழி அது. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். 1961 ஜூலையில் ஒரு மழை நாள் சாயங்காலம் அவன் உடல் சயான் பக்கம் தண்டவாளத்தின் ஓரத்தில் கிடந்தது. கள்ளச்சாராயம் குடித்துவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டியிருக்கிறான், ரயில் தட்டிவிட்டது என்றார்கள் போலீஸ்காரர்கள். சுடலைக்குச் சாராய வாடையே ஆகாது. உடலைக் குளிப்பாட்டியபோது கால்பக்கம் உட்கார்ந்தவள் பிச்சம்மாள். விரல் இடுக்குகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு அடைந்திருந்தது. முகத்தைத் துடைத்தபோது புருவ மயிர் துணியோடு வந்தது. ரயில் தட்டிய ஆளுக்குப் புருவம் கழலாது. அதை அவள் வாசலில் நின்று சொன்னாள். கேட்டவர்களில் பாதிப்பேர் நயினாரிடம் வேலை செய்தவர்கள், மீதிப்பேர் அவருக்குக் கடன்பட்டவர்கள். அவள் சொன்னது பொய் என்று யாரும் சொல்லவில்லை.  காரியம் முடிந்த பிறகு அவளுக்குத் தண்டவாளத்தான் பொண்டாட்டி என்று பெயர் வந்தது. ரேஷன் கடையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். சுடலை எங்கே செத்தான் என்பதை நயினார் தன் வாயால், அப்படிப் பெயர் வைத்தவர்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்று அவள் விரும்பினாள். அதற்கு மேலும் அவள் ஒன்றை விரும்பினாள். அதற்கு அவளிடம் வார்த்தை இல்லை.

சுடலை செத்த நாளிலிருந்து நயினாரின் இரண்டு பாதங்களும் சில்லிட்டுப் போயிருந்தன. அவர் நின்ற இடத்தில் தரை வியர்த்தது. மே மாத வெயிலில் கம்பெனி ஆட்கள் தண்ணீர்ப் பானையை அவர் நாற்காலிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். மாட்டுங்கா டாக்டர் மாத்திரை கொடுத்தார். மனைவி வெந்நீர்ப் பை கட்டிவிட்டாள். தண்ணீர் ஆறிப்போனதே தவிர கால் சூடாகவில்லை.

1962 அக்டோபரில் எல்லையில் சீனாவோடு சண்டை வந்தது. பனியில் நிற்கும் ஜவான்களுக்கு நாடு முழுவதும் பெண்கள் கம்பளி பின்னினார்கள். லேபர் கேம்பிலும் ஒரு கமிட்டி போட்டார்கள். நயினார் தலைவர் ஆனார். கம்பளி நூல் அவர் வாங்கிக் கொடுத்தார், தன் கிடங்கில் ஒரு பக்கத்தை ஒழித்தும் கொடுத்தார். மாட்டுங்காவிலிருந்து கனகவள்ளி என்ற இளம்பெண் வந்து சாக்ஸ் பின்னக் கற்றுக்கொடுத்தாள். அவள் புருஷன் பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஆபீசில் வேலை பார்த்தான். பின்னி முடித்த சாக்ஸ்களை ஜோடி சேர்த்து மூட்டை கட்டும் வேலை ஆபிதாவுக்கு. அவள் பிச்சம்மாளுக்குச் சுவர் ஒட்டிய வீட்டுக்காரி.

“யக்கா, சேதி தெரியுமா? ஜவானுக்குப் போற மூட்டையில சாக்ஸு கொறையுது.”

“எலி இழுத்திருக்கும்.”

“ரெண்டு கால் எலி. மொதலாளிதான் எடுத்து மாட்டிக்கிடுதாரு. ஒண்ணுமேல ஒண்ணா போட்டும் குளுரு அடங்கல்ல. தெனமும் வந்து எது கனமா இருக்குன்னு தடவிப் பாக்காரு.”

மறுநாள் பிச்சம்மாள் பின்னல் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். ஊசி தட்டுப்பாடாக இருந்ததால் பழைய குடைக்கம்பிகளை நறுக்கி, முனையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துக் கொடுத்திருந்தார்கள். சாக்ஸுக்கு நான்கு கம்பி வேண்டும். மூன்றில் கண்ணிகள் நிற்கும், நான்காவதால் பின்ன வேண்டும். கையில் முள்ளம்பன்றியைப் பிடித்ததுபோல இருந்தது. ஒரு கம்பியைக் கவனித்தால் மற்றொன்று உருவிக்கொண்டு கீழே விழுந்தது. நழுவிய கண்ணி ஏணிபோலக் கீழ்வரை பிரிந்து போனது. பயந்துபோய் நூலை இறுக்கினாள். கம்பி உள்ளே நுழையவே இல்லை. தளர்த்தினாள். சாக்ஸ் பூசணிக்காய் அளவுக்கு வந்தது.

கனகவள்ளி அதைத் தூக்கிப் பார்த்தாள். “இது யானைக்கா, பிச்சம்மா?”

“யானையும் ஜவான் கூடத்தானே போவுது டீச்சர்.”

வகுப்பு சிரித்தது. கனகவள்ளியும் சிரித்துவிட்டு முழுவதையும் பிரித்தாள். பிரித்த நூல் சுருள் சுருளாக நின்றது. பிச்சம்மாள் அதை முழங்காலில் சுற்றிக்கொண்டு மறுபடி தொடங்கினாள். இப்படிப் பிரித்துப் பிரித்து நூல் வெளுத்தது. ஒரு மாலை அவள் கணுக்கால் வரை துளையில்லாமல் வந்துவிட்டாள்.

அவள் முதலில் நினைத்திருந்தது எளிமையானது. கம்பெனிக் குழியிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் கொண்டுவந்து, பின்னிய சாக்ஸை அதில் ஊறவைத்துக் காயப்போட்டுக் கொடுத்தால் நயினாரின் கால் வெந்துபோகும். அப்படியே ஊறவைத்தாள். காலையில் பார்த்தபோது சட்டியில் சாக்ஸ் இல்லை, கூழ் இருந்தது. ஆட்டுமயிர்தான் கம்பளி என்பதையும், மயிரைத் தின்பதற்காகத்தான் அந்தக் குழியே இருக்கிறது என்பதையும் குழியில் வேலை செய்தவன் பொண்டாட்டி மறந்துவிட்டாள். சட்டியைப் பார்த்து அவள் சிரித்தாள். சுடலை செத்த பிறகு அவள் வீட்டுக்குள் சிரித்தது அன்றுதான். ஆபிதா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பால் திரிந்துவிட்டது என்றாள் பிச்சம்மாள்.

அதன் பிறகு சுடலையின் அரைஞாண் கயிற்றை எடுத்தாள். குளிப்பாட்டும்போது அறுத்ததை உடலோடு புதைக்காமல் அவள் வைத்துக்கொண்டிருந்தாள். அதை இரண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் வளையமாக முடிந்து, அந்த வளையத்தில் முதல் கண்ணிகளை ஏற்றினாள். சாக்ஸை மேலே, கால் நுழையும் வாயில்தான் தொடங்க வேண்டும். அங்கிருந்து கணுக்காலுக்கு இறங்கி, குதிகாலைத் திருப்பி, விரலில் முடிக்க வேண்டும். பிச்சம்மாள் விரலில் தொடங்கினாள். அவள் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. பனையோலைப் பெட்டி முடைந்த கை. பெட்டிக்கு அடி போட்ட பிறகுதான் சுவர் எழும்பும். கடைசியில்தான் வாய் கட்டுவார்கள்.

“தலைகீழா பின்றேளே. விரல்லேர்ந்து யாராவது ஆரம்பிப்பாளா?” என்றாள் கனகவள்ளி.

“பெட்டி அப்படித்தான் டீச்சர் முடைவோம்.”

“இது பெட்டி இல்லை. சாக்ஸ்.”

“ரெண்டுமே உள்ள ஒண்ணப் போட்டு வைக்கத்தான.”

கனகவள்ளிக்கு அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. விட்டுவிட்டாள்.

குதிகால்தான் பிச்சம்மாளை வதைத்தது. அந்த இடத்தில் வட்டமாகப் பின்னக் கூடாது. பாதிக் கண்ணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வரிசை முடிவதற்குள் பாதியில் திரும்ப வேண்டும், மறுபக்கமும் பாதியில் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பித் திரும்பி வந்தால் துணி கிண்ணம்போலக் குழியும். அவளுக்குக் குழியவில்லை, மடிந்தது. பிரித்தாள், மறுபடி மடிந்தது. ஒரு நாள் நயினார், எடுத்த சாக்ஸ்களை வீட்டில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வகுப்புக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தாய்மார்களின் சேவையைப் பாராட்டிப் பேசினார். தரையில் உட்கார்ந்திருந்த பிச்சம்மாளின் கண்ணுக்கு நேராக அவர் குதிகால் இருந்தது. அகலமான, வெடித்த, ஈரமான குதிகால். அவர் பேசி முடிக்கும் வரை அவள் அதையே பார்த்தாள். அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது கை தானாகத் திரும்பியது. கிண்ணம் அந்தக் குதிகாலின் அளவுக்குக் குழிந்தது.

வாயில் கடைசி முடிச்சைப் போடாமல், நூல் நுனியைத் தொங்கவிட்டு, ஜோடியை அவள் ஆபிதாவிடம் கொடுத்தாள். “மூட்டைக்கு மேலாக்க வையி” என்றாள். ஆபிதா சாக்ஸைத் தடவினாள், விரலில் கயிற்று வளையத்தைப் பார்த்தாள், பிச்சம்மாளைப் பார்த்தாள். வாங்கி மூட்டைக்கு மேலே வைத்தாள். அந்த வாரக் கடைசியில் நயினார் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

சாக்ஸ் கழலவில்லை. கத்திரி வைத்து வெட்டினார்கள். வெட்டிய இடம் விடிவதற்குள் ஒட்டிக்கொண்டது. காலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டில் வாசல் நிலையை உடைத்துக்கொண்டு கூடவே போனது. டாக்ஸியில் ஏற்றினார்கள். டாக்ஸி பின் கியரில் மட்டும் ஓடியது. மாகிம் வரை அப்படி ஓட்டிப்போன டிரைவர் கழுத்து வலிக்கிறது என்று இறக்கிவிட்டுவிட்டார். அந்தக் கால்கள் போவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நயினாரின் மனைவி. அவர் நேற்று போன இடத்துக்கு முதலில் போனார், பிறகு முந்தாநாள் போன இடத்துக்கு, பிறகு அதற்கு முந்தின நாள் போன இடத்துக்கு. தான் நடந்த வழியையெல்லாம் கடைசியிலிருந்து முதலுக்கு நடந்துகொண்டிருந்தார். விக்ரோலியில் ஒரு வீட்டுக்குள் பின்பக்கமாகப் போய்ச் சற்றுநேரம் கழித்துப் பின்பக்கமாகவே வெளியே வந்தார். அந்த வீடு இருக்கும் விஷயம் அவர் மனைவிக்கு அன்றுதான் தெரிந்தது. சுனாபட்டியில் ஒரு வியாபாரியின் கிடங்குக்குள் போய்த் திருட்டுத் தோல் இருந்த மூலையில் நின்றார். வியாபாரி அடுத்த நாளே ஊரைக் காலி செய்தார். ஒவ்வொரு நாளும் பழைய நாட்கள் இரண்டு மூன்று கழிந்தன. நயினாருடன் ஏதாவது பங்கு வைத்திருந்தவர்கள் பழைய காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். பிச்சம்மாள் காலண்டர் பார்க்கவில்லை. மழைக்காகக் காத்திருந்தாள்.

மே மாதத்தில் ஒரு மத்தியானம் நயினார் அவள் சந்துக்கு வந்தார். கால்கள் அந்த வழியாகப் போகும் நாள் அது. வாசலுக்கு நேராக வந்தபோது நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே பின்பக்கமாக மிதித்துக்கொண்டிருந்தன.

“நீ பின்னுனதுன்னு ஆபிதா சொல்லுதா” என்றார்.

“ஜவானுக்குப் பின்னுனேன். உம்ம காலுக்கு எப்படி வந்துச்சு?”

நயினார் குனிந்து காலைக் காட்டினார். “வாய்ப்பக்கம் ஒரு நூலு தொங்குது, பிச்சம்மா. நான் இழுத்தா வரல்ல. பின்னுன கை இழுத்தா வரும்னு சொல்லுதாங்க.”

“வரும். எங்க வீட்டுக்காரரு எங்க செத்தாருன்னு சொல்லும், இழுக்கேன்.”

“தண்டவாளத்துல. ஊருக்கே தெரியும்.”

“அப்ப நடந்து போயிப் பாத்துட்டு வாரும்” என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களைய உட்கார்ந்தாள். நிலையைப் பிடித்திருந்த கை நழுவியது. கால்கள் அவரைக் கொண்டுபோயின.

அவர் கால்கள் 1961 ஜூலையை அடைந்தபோது நிஜத்திலும் ஜூலையாக இருந்தது, மழை பெய்துகொண்டிருந்தது. அன்று தோல் கம்பெனிகள் ஓடவில்லை. லேபர் கேம்பிலிருந்து ஆட்கள் குடையும் சாக்குமாகப் பின்னால் வந்தார்கள். அவர் முகம் அவர்களைப் பார்த்தபடி இருந்ததால், பேச்சுவார்த்தைக்கு வந்தவர்கள்போல எதிர் எதிராகவே எல்லோரும் நடந்தார்கள். முதலில் போலீஸ் ஸ்டேஷனின் பின்வாசலுக்குப் போனார், வெளியே வந்தார். அங்கிருந்து தண்டவாளத்துக்குப் போனார். மழைக்குள் குனிந்து, கீழே இல்லாத ஒன்றை அள்ளி எடுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அதை இல்லாத ஒரு கைவண்டியில் கிடத்தினார், மேலே எதையோ எடுத்து எடுத்து மூடினார். பச்சைத் தோலைத் தூக்குகிறவன் முகத்தைத் திருப்புவதுபோல ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பினார். வண்டியின் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் முஷ்டியை மடக்கிக்கொண்டு கம்பெனிக்குள் போனார்.  டீக்கடைக்காரர் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துவிட்டு நனைந்தபடி வந்தார்.

குழி ஓரத்தில் நயினார் மண்டியிட்டார். கையில் இல்லாத கொக்கியை வைத்து இல்லாத உடலைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் இறக்கினார். அன்று அவர் அதை மேலே எடுத்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. அவர் நிமிர்ந்தார், கூட்டத்துக்கு முன்னால் நின்ற பிச்சம்மாளைக் கண்டார்.

“இங்கதான்” என்றார். “சுடலை இந்தக் குழியிலதான் செத்தான். நாந்தான் தண்டவாளத்துல கொண்டுபோய்ப் போட்டேன். அவன் குடிக்கல்ல.”

பிச்சம்மாள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். ரேஷன் கடைக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சொன்ன சொல் தவறாதவள். நயினாரின் காலடியில் உட்கார்ந்து, வலது சாக்ஸின் வாயில் தொங்கிய நூல் நுனியை விரலில் பற்றினாள். அப்போது அந்தக் கால் தரையிலிருந்து எழும்பியது. நூல் அவள் விரலிலிருந்து நழுவியது. கால்கள் இன்னும் முடிக்கவில்லை. அவை குழியிலிருந்து விலகி, முற்றத்தைத் தாண்டி, ஆபீஸ் அறையின் வாசலுக்குப் போய் நின்றன. நயினாரின் ஒரு கை கதவு நிலையில் சாய்ந்தது. கண் குழியைப் பார்த்தது.

அங்கேயே நின்றார். மழைத் தண்ணீர் ஓட்டிலிருந்து வழிந்தது. கூட்டம் காத்திருந்தது. நயினார் முகத்தைத் திருப்பப் பார்த்தார், கழுத்து திரும்பவில்லை. ஓர் உலை கொதிக்கும் நேரம் நின்றார். சுண்ணாம்பில் விழுந்தவன் எவ்வளவு நேரம் தலை தூக்குவான் என்பது அங்கே நின்றவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். செத்த அன்று காலையில், குழி ஓரத்துப் பலகை உளுத்துவிட்டது என்று சுடலை எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் சொன்னதும், மழையைச் சாக்காக வைத்து முதலாளி மற்றவர்களை அனுப்பிவிட்டு அவனை மட்டும் தோல் புரட்டச் சொன்னதும் அவர்களுக்கு நினைவு வந்தது.

நயினாரின் வாய் தானாகத் திறந்தது. “மொதலாளின்னு கூப்பிட்டான்” என்றார்.

 கால்கள் கடைசியாக ஓர் அடி எடுத்து வைத்து அறைக்குள் போய் நின்றன. பிச்சம்மாள் முற்றத்தைத் தாண்டிப் போனாள். அவர் முன்னால் மண்டியிட்டு நூல் நுனியை எடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் நூலைக் கடைசிக் கண்ணிக்குள் விட்டு, பெட்டிக்கு வாய் கட்டுவதுபோல இழுத்து முடிச்சிட்டாள். முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டாள். மிஞ்சிய நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினாள். இடது காலுக்கும் அப்படியே செய்தாள்.

“சொல்லிட்டேனே, பிச்சம்மா” என்றார் நயினார்.

“சொன்னீரு” என்றாள் அவள். எழுந்து முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டு போனாள்.

போலீஸ் வந்தது. பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போனது. வழக்கு எதுவும் நிற்கவில்லை. ஆனால் மறுநாள் காலையிலிருந்து நயினாரின் கால்களுக்கு ஒரே வழிதான். வீட்டிலிருந்து பின்பக்கமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, அங்கிருந்து தண்டவாளத்துக்கு, தண்டவாளத்திலிருந்து குழிக்கு, குழியிலிருந்து ஆபீஸ் வாசலுக்கு. அங்கே ஓர் உலை கொதிக்கும் நேரம் நின்றுவிட்டு வீடு திரும்பினார். ஞாயிறு, தீபாவளி என்று லீவு கிடையாது. கம்பெனி கைமாறியது. புதிய முதலாளி அந்த வாசலை மட்டும் அடைக்காமல் விட்டார், ஒரு தடவை அடைத்தபோது சுவர் நனைந்து விழுந்ததால். சுண்ணாம்புக் குழிக்கு இரும்புக் கம்பி வேலி வந்தது. செருப்புக் கடை காசிம், முன்பக்கம் வார் அறுந்துபோகிறது என்று நயினாருக்காகக் குதிகாலில் வார் வைத்த செருப்பு தைத்தார். அதற்குக் கூடுதல் விலை வாங்கவில்லை. சயான் ரோட்டில் பஸ் டிரைவர்கள் அவர் முதுகைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தார்கள். கம்பெனியை ஒட்டிய வீடுகளில் பெண்கள் அவர் வாசலில் போய் நின்றதும் உலை வைத்தார்கள், நகர்ந்ததும் அரிசி போட்டார்கள். சுடலையைக் குழியில் செத்த சுடலை என்றே எல்லோரும் சொன்னார்கள். ரேஷன் கடைக்காரன் பிச்சம்மாளைச் சுடலை வீட்டம்மா என்று கூப்பிட்டான்.

பிச்சம்மாள் பின்னுவதை விடவில்லை. கனகவள்ளியிடம் போய், வாயில் தொடங்கி விரலில் முடிக்கும் சரியான முறையை முறையாகக் கற்றுக்கொண்டாள். அவள் பின்னிய சாக்ஸ்களை மாட்டுங்காவில் ஒரு கடைக்காரர் எடுத்துக்கொண்டார். புனாவுக்கும் நாசிக்குக்கும் போகிறவர்கள் வாங்கினார்கள். அதைப் போட்டவர்கள் எல்லோரும் நேராகத்தான் நடந்தார்கள்.

எந்தச் சாக்ஸும் முதலில் குதிகாலில்தான் தேயும். தினமும் பின்பக்கமாக நடக்கிறவருக்கு இன்னும் சீக்கிரம் தேயும். வெட்டினால் ஒட்டிக்கொண்ட சாக்ஸ், தேய்ந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளவில்லை. 1964இல் மழைக்கு முன்னால் நயினாரின் சாக்ஸில் குதிகால் நைந்து, தோல் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நைந்தால் கண்ணி அறுந்து முழுவதும் பிரிந்துவிடும் என்று ஆபிதா வந்து சொன்னாள். அன்று மத்தியானம் நயினாரின் கால்கள் வழக்கமான வழியை விட்டு, பின்பக்கமாகச் சந்துக்குள் வந்து பிச்சம்மாளின் வாசலில் நின்றன. அவர் அவற்றை அழைத்து வரவில்லை. அவைதான் அவரை அழைத்து வந்தன. அவள் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். அவள் அதே சாம்பல் நிற நூலில், காலில் இருக்கும்போதே குதிகாலை இழை இழையாக அடைத்தாள். அடுத்த வருஷமும் வந்தார். அதற்கடுத்த வருஷமும் வந்தார். கம்பளி விலை ஏறிக்கொண்டே போனது. அவள் ஒரு பந்து நூலை அவருக்கென்று தனியாக எடுத்து வைத்தாள்.

1969இல் வந்தபோது நயினாருக்கு முடி முழுவதும் நரைத்திருந்தது. கால் மட்டும் பழைய மாதிரியே சில்லென்றிருந்தது. முக்காலிக்குக் கீழே தரை வியர்த்தது.

“என்னைய விட்டுரேன், பிச்சம்மா” என்றார்.

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். வெளிச்சத்துக்காக அவர் குதிகாலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் கை இப்போது நன்றாகத் தேறியிருந்தது. அடைத்த இடம் எது, பின்னிய இடம் எது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

“காலை ஆட்டாதேயும்” என்றாள்.

முடித்ததும் அவர் எழுந்து பின்பக்கமாகச் சந்தில் இறங்கினார். குழாயடியில் நின்ற பெண்கள் பார்க்காமலே குடங்களை ஓரமாக நகர்த்திக்கொண்டார்கள்.